புஸ் மாத்தின் படத்தைச் சரியாகப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஜே.ஆர்.டி. டாடாவின் 1932 அஞ்சல் பயணம் பற்றிய கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். அகமதாபாத்தில் பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்த இடத்தைப் பேத்திக்கு உரக்க வாசித்தும் காட்டினேன். ஆனால் அவர் ஓட்டி வந்த விமானத்தை ‘ஒரு பழைய குட்டி விமானம்’ என்று நாலே சொல்லில் முடித்துவிட்டீர்களே, அது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. படமும் தவறு. மேலும் கீழுமாக இரண்டு இறக்கை, திறந்த இருக்கை என்று நீங்கள் போட்டிருப்பது டைகர் மாத். அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் கொண்டுவந்தது டி ஹாவிலாண்ட் கம்பெனியின் புஸ் மாத்.

புஸ் மாத்தை அஞ்சல் சுமக்க யாரும் வடிவமைக்கவில்லை. சொந்தமாக விமானம் வைத்து ஊர் சுற்றுபவர்களுக்காகச் செய்தது அது. அதே கம்பெனியின் 1925 மாத் விமானத்தில் காற்றும் எண்ணெய்த் துளியும் முகத்தில் அடிக்கும். 1929இல் பறக்கத் தொடங்கிய புஸ் மாத்தில் தலைக்கு மேல் ஒற்றை இறக்கை, சுற்றிலும் மூடிய கேபின். சாதாரண உடையிலேயே ஏறி உட்காரலாம். இன்ஜினைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். நிமிர்ந்த இன்ஜினில் நாலு சிலிண்டரும் விமானியின் கண்ணுக்கு நேரே நிற்கும். கவிழ்த்ததும் அவை கீழே போய், எதிரே பார்வை திறந்துவிட்டது. இறக்கைகளைப் பின்னால் மடித்துச் சின்னக் கொட்டகையிலேயே நிறுத்தவும் முடியும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சக்கரக் கால்தான். காற்றைக் கிழித்து வழுக்கிப் போகிற உடம்பு என்பதால் தரையிறங்கும்போது லேசில் வேகம் குறையாது. அதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? காலைப் போர்த்தியிருந்த பட்டையான உறையை விமானி உள்ளிருந்தே 90 டிகிரி திருப்பலாம். மெலிந்த விளிம்பைக் காட்டி நின்ற உறை அகலப் பக்கத்தைக் காற்றுக்குக் கொடுக்கும். அதுவே பிரேக்! இருக்கிற பொருளையே இன்னொரு வேலைக்கும் வைத்தார்களே, அந்த மூளையை நினைத்தால் இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

குறையும் இருந்தது. அந்த ஆண்டுகளில் சில புஸ் மாத்கள் பறக்கும்போதே இறக்கை முறிந்து விழுந்தன, உயிர்கள் போயின. இறக்கை படபடத்து அதிர்வதுதான் காரணம் என்று பிறகு தெரிந்து, சிறு தாங்குகோல் ஒன்றைக் கூடுதலாகப் பொருத்தினார்கள். டாடா பறந்தது அந்தக் காலத்தில்தான் என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும்.

நான் விமானப் பராமரிப்பில் இருந்தவன். பயிற்சியின்போது துணி போர்த்திய ஒரு விமானத்துக்கு, துணியை இறுக்கி விறைப்பாக்கும் ‘டோப்’ என்ற பூச்சைப் பூசியிருக்கிறேன். நெடி மூக்கைத் துளைக்கும். காய்ந்ததும் விரலால் சுண்டினால் தம்பட்டம் மாதிரி ‘டம்’ என்று கேட்க வேண்டும். இல்லாவிட்டால் மேஸ்திரி விடமாட்டார். புஸ் மாத்தின் உடம்பும் எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்தியதுதான். பம்பாயிலிருந்து டாடாவின் கூட்டாளியான விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக நம் சென்னைக்கு அஞ்சல் கொண்டுவந்ததும் அதில்தான்.

அடுத்த இதழில் சரியான படத்தை வெளியிட வேண்டுகிறேன். அந்தச் சக்கரக் கால் தெளிவாகத் தெரிகிற படமாக இருந்தால் ரொம்ப நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்பு ஊழியர்,
பல்லாவரம்