பாடாங் செராய் நிதி திரட்டும் குழுவினருக்கு: அந்தப் பணத்தை ஊசிக்கு அனுப்ப வேண்டாம்

மதிப்பிற்குரிய கோயில் தலைவர் ஐயா, செயலாளர், பொருளாளர் அவர்களுக்கும், வெயிலென்றும் பாராமல் உண்டியலோடு நிற்கும் இளைஞர் அணித் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

கூலிம் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து மோட்டாரில் வீடு திரும்பும்போது அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கும் நம் ஊர்ப் பிள்ளைக்காக நீங்கள் நிதி திரட்டி வருகிறீர்கள். சாப்பாட்டுக் கடைச் சுவர்களில் அவர் படம் ஒட்டியிருக்கிறது. புலனக் (வாட்ஸ்அப்) குழு ஒன்று பாக்கியில்லாமல் செய்தி வந்துவிட்டது. வெளிநாட்டுத் தனியார் கிளினிக் ஒன்றில் மூன்று தவணை ஸ்டெம் செல் (வேறு செல்களாக வளரக்கூடிய மூலச் செல்) ஊசி. அதற்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் வெள்ளி (ரிங்கிட்). பாதிக்கு மேல் சேர்ந்துவிட்டதாம். பால்மரம் (ரப்பர்) வெட்டியே இடுப்பொடிந்த பாட்டிமார்கூட பத்து வெள்ளித் தாளை மடித்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

அந்தப் பணத்தை அந்தக் கிளினிக்குக்கு அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

நான் டாக்டர் இல்லை. தோட்டத்து டிரெசராக (மருத்துவ உதவியாளராக) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அடிபட்ட தம்பியின் அம்மா கூப்பிட்டதால் வீட்டுக்குப் போய்ப் பார்த்து வருகிறேன். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். “பெரியவரே, இருக்கிற நம்பிக்கையையும் கெடுத்துடாதீங்க” என்று உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். நம்பிக்கை வைக்க இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. எங்கே இடமிருக்கிறது, எங்கே இல்லை என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம் என்கிறேன்.

செம்பனை வெட்டும்போது அரிவாள் பட்டு விரல் நரம்பு அறுந்தவர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். ஆஸ்பத்திரியில் தைத்துவிட்டால், நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் நரம்பு வளர்ந்து, சில மாதத்தில் விரல் நுனியில் சுருக்கென்று உணர்வு திரும்பும். அதே உடம்பில், முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்தில் மட்டும் அது நடப்பதில்லை. ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரமோன் இ கஹால் சுமார் நூறு வருடத்துக்கு முன்பே இதைக் கடுமையாகச் சொல்லிவிட்டார்: வளர்ந்த மனிதனின் மூளையிலும் தண்டுவடத்திலும் எல்லாம் சாகலாம், எதுவும் மீண்டும் முளைக்காது. இந்தத் தீர்ப்பை மாற்ற முடிந்தால் வருங்கால விஞ்ஞானம் மாற்றட்டும் என்றும் அவரே சொல்லி வைத்தார்.

மாற்றம் 1980-களின் தொடக்கத்தில் வந்தது. கனடாவின் மொன்ட்ரியால் நகரில் ஆல்பர்ட் அகுவாயோவும் அவரோடு வேலை செய்தவர்களும் எலியின் கால் நரம்பில் ஒரு துண்டை எடுத்து அதன் தண்டுவடத்தோடு ஒட்டிப் பார்த்தார்கள். வளராது என்று எழுதி வைத்திருந்த நரம்பிழைகள் அந்தத் துண்டுக்குள் சென்டிமீட்டர் கணக்கில் வளர்ந்தன. ஆக, இழைக்கு வளரும் சக்தி இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள இடம்தான் விடமாட்டேன் என்கிறது. எது தடுக்கிறது என்று தேடியதில் சுவிட்சர்லாந்தின் மார்ட்டின் ஷ்வாப் குழு நரம்பிழையைச் சுற்றிய கொழுப்பு உறையிலேயே ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தது. அதற்கு ‘நோகோ’ என்று பெயர். அதை அடக்கும் மருந்தை, கழுத்தில் அடிபட்ட 126 பேரிடம் ஐரோப்பாவில் சோதித்து 2024 கடைசியில் முடிவை வெளியிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் கைகளின் பலத்தில் வித்தியாசம் இல்லை. தண்டுவடம் முழுதாகச் செயலிழக்காமல் கொஞ்சம் மிச்சமிருந்தவர்களிடம் மட்டும் முன்னேற்றத்தின் அறிகுறி தெரிந்தது. இத்தனை வருட உழைப்புக்கு இவ்வளவுதான் கிடைத்தது என்று அவர்களே ஒளிக்காமல் எழுதினார்கள். அந்த நேர்மைதான் எனக்கு நம்பிக்கை தருகிறது.

அடுத்து அழற்சி. கிளினிக்கின் நோட்டீசில் ‘தண்டுவட அழற்சியைக் குறைத்து நரம்பை மீண்டும் வளர்ப்போம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். அடிபட்ட நொடியில் ஆகும் சேதம் ஒரு பங்குதான். அதன் பிறகு ரத்தம் கசிந்து, வீங்கி, சாகும் செல்களிலிருந்து ரசாயனங்கள் வழிந்து பக்கத்துச் செல்களையும் கொல்லும். தண்டுவடத்தின் காவல் செல்களான மைக்ரோகிளியா விழித்துக்கொள்ளும். ரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் வந்து குவியும். இவை குப்பையையும் அள்ளும், நல்ல திசுவையும் அரிக்கும். இதை அமுக்கிவிட்டால் போதும் என்றுதான் ஒரு காலத்தில் உலகமே நினைத்தது. 1990-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வை நம்பி, அடிபட்ட எட்டு மணி நேரத்துக்குள் பெரிய அளவில் ஸ்டீராய்டு கொடுப்பது பல ஆஸ்பத்திரிகளில் வழக்கமாகிவிட்டது. பிறகு ஆராய்ந்தால் பலன் சந்தேகம். தொற்றும் வயிற்றில் ரத்தக்கசிவும் வரும் ஆபத்துதான் கூடியது. 2013-இல் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர்களின் வழிகாட்டி, கொடுக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது.

தழும்பும் அப்படித்தான். பால்மரத்தில் கத்தி ஆழமாகப் பாய்ந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, அடுத்த முறை கத்தி இறங்காதே, அதுபோல அடிபட்ட தண்டுவடத்திலும் ஒரு தழும்பு உண்டாகி இழைகளின் வழியை மறிக்கிறது என்றே நெடுநாள் நம்பினார்கள். 2016-இல் எலிகளில் அந்தத் தழும்பு வராமல் செய்து பார்த்தார்கள்; இழைகள் வளர்வதற்குப் பதில் நிலைமை மோசமானது. காயத்தைக் கட்டிக் காப்பதும் அதே தழும்புதான் போலிருக்கிறது. எந்த நாளில், எந்தச் செல்லை, எவ்வளவு அடக்குவது என்று பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களே இன்னும் முட்டி மோதிக்கொண்டிருக்கின்றன. விபத்து நடந்து ஆறேழு மாதமான உடம்பில், ஒரு பொட்டல ஊசியால் அழற்சியைச் சரிப்படுத்துவோம் என்பது விஞ்ஞானத்தின் வார்த்தையைத் திருடிப் பண்ணும் வியாபாரம்.

ஸ்டெம் செல்லே பொய்யா என்றால், இல்லை. ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் நான்கு பேருக்கு, அடிபட்டு இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள், ஐபிஎஸ் செல்களிலிருந்து (வளர்ந்த உடம்புச் செல்லை மறுபடி மூலச் செல்லாக மாற்றியவை) உண்டாக்கிய நரம்பு முன்னோடிச் செல்களைத் தண்டுவடத்தில் வைத்தார்கள். முதல் ஆளுக்குச் செய்தது 2021 டிசம்பரில். முடிவைச் சொன்னது 2025 மார்ச்சில். ஒருவர் துணையில்லாமல் நின்று நடக்கப் பழகுகிறார், இன்னொருவரால் கைகால்களை அசைக்க முடிகிறது, மற்ற இருவருக்குக் குறிப்பிடும்படி எதுவும் இல்லை. ஆபத்தான விளைவு இல்லை என்பதுதான் அவர்கள் முதலில் பார்க்க விரும்பியது. தானாகவே தேறுபவர்களும் உண்டு என்பதால், இது செல்லால் வந்ததா என்று அடித்துச் சொல்ல இன்னும் பலரிடம் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நம் கிளினிக்கின் விளம்பர வீடியோவில் எழுந்து நிற்கும் இளைஞரை எல்லாரும் பகிர்கிறீர்கள். அவருக்கு அடிபட்டது எப்போது? தண்டுவடம் முழுதாகச் செயலிழந்ததா, கொஞ்சம் மிச்சமிருந்ததா? ஊசி போடாதிருந்தால் தேறியிருக்க மாட்டாரா? வீடியோவில் பாட்டுத்தான் இருக்கிறது, பதில் இல்லை.

பலன் இல்லாவிட்டால் போகட்டும், கெடுதல் என்ன என்று கேட்காதீர்கள். மூக்கிலிருந்து எடுத்த செல்களைப் போர்ச்சுகலில் தண்டுவடத்தில் வைத்துக்கொண்ட ஒரு பெண்ணுக்கு, எட்டு வருடம் கழித்து அதே இடத்தில் சளி சுரக்கும் கட்டி வளர்ந்திருந்ததை 2014-இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். அது இத்தனைக்கும் ஒரு மருத்துவ ஆய்வாக நடந்த சிகிச்சை. யார் உடம்புச் செல், எப்படிச் சுத்தம் செய்தது என்றே சொல்லாத இடத்தை என்னவென்பது?

இதை ஆய்வு என்று கிளினிக்கின் ஏஜெண்ட் உங்களிடம் சொன்னாராம். உண்மையான ஆய்வு என்றால் எங்கே பதிவு செய்திருக்கிறார்கள், எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது என்று காட்ட முடியும். சோதனை மருந்துக்கு நோயாளி தலையில் ஒரு லட்சம் கட்டுவது வழக்கமில்லை.

இனி நான் வீட்டில் கண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிள்ளை பழைய பஞ்சு மெத்தையில் மல்லாந்தே கிடக்கிறார். திருப்பிப் போட்டுப் பார்த்தேன். வால் எலும்பின் மேல் ஐம்பது காசு அகலத்துக்குத் தோல் கறுத்திருக்கிறது. நம் நிறத்துக்குச் சிவப்பு லேசில் தெரியாது. புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். சுற்றிலும் உள்ள தோலைவிடச் சூடாக இருந்தது, அழுத்தினால் கொஞ்சம் கெட்டியாகவும் இருந்தது. படுக்கைப்புண்ணின் தொடக்கம் அது. வலி தெரியாததால் அவர் சொல்லவும் மாட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை எடையை மாற்ற வேண்டும். விட்டுவிட்டால் உள்ளே எலும்புவரை போய், ரத்தத்தில் விஷமேறும். மூத்திரக் குழாயும் அப்படித்தான். சுத்தமான குழாயை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை போட்டு எடுக்கப் பழக வேண்டும். ஒரே குழாயைக் கழுவிக் கழுவிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், வாங்கக் காசில்லாமல். மேலே சொன்ன மாதிரி ஓர் உண்மையான ஆய்வு நாளைக்கு நம் நாட்டுக்கே வந்தாலும், படுக்கைப்புண்ணும் தொற்றும் உள்ளவரைப் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) விஷயத்திலும் ஒன்று. “கான்ட்ராக்ட் ஆளுக்கு சொக்சோ கிடையாது” என்று அவரை வேலைக்கு எடுத்த ஏஜெண்ட் குடும்பத்திடம் சொல்ல, அவர்களும் மனுவே போடாமல் இருக்கிறார்கள். தப்பு. கான்ட்ராக்ட் தொழிலாளியானாலும் முதலாளி பதிந்தாக வேண்டும். வேலையிடத்துக்கும் வீட்டுக்கும் நேர்வழியில் போய்வரும்போது நடந்த விபத்தும் வேலை விபத்துக் கணக்கில்தான் சேரும். போலீஸ் ரிப்போர்ட், ஆஸ்பத்திரிக் கடிதம், சம்பளச் சீட்டு மூன்றும் அம்மாவிடம் ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருக்கின்றன. மனு ஏறினால் உதவித்தொகையோடு மலாக்காவிலுள்ள சொக்சோ மறுவாழ்வு மையத்துக்கும் வழி பிறக்கும். ஓ.கே.யு. (மாற்றுத்திறனாளி) அட்டைக்குச் சமூகநல இலாகாவில் இன்னும் பதியவில்லை. நம் இளைஞர் அணியில் மலாய் சரளமாக எழுதும் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! ஒருவர் ஒரு காலை நேரத்தைக் கொடுத்தால் முடிகிற வேலை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவெடுக்கும்முன் இதைப் பேசுங்கள். காற்று மெத்தை, அவர் உடம்பை அளந்து செய்த சக்கர நாற்காலி, அதற்கான குஷன், ஒரு வருடத்துக்குக் குழாய், வாசலில் சறுக்குப் பாதை, குளியலறைக் கதவை அகலப்படுத்துவது, வாரம் இருமுறை சுங்கைப் பட்டாணிக்குப் பிசியோவுக்குப் போக வண்டிச் செலவு: இதற்கெல்லாம் சேர்ந்ததிலேயே பணம் மிஞ்சும். மிஞ்சியதைத் தம்பி பெயரில் போட்டு வைக்கலாம். படிப்பைத் தொடர வேண்டும் என்று அவரே என்னிடம் சொன்னார். யாராவது அவரிடம் கேட்டீர்களா?

ரசீதுப் புத்தகத்தில் ‘ஸ்டெம் செல் சிகிச்சை நிதி’ என்று அச்சிட்டிருப்பதால், கொடுத்தவர்களுக்குச் சொல்லாமல் நோக்கத்தை மாற்றுவது முறையில்லை. கோயில் பலகையிலும் புலனத்திலும் அறிவித்து, வேண்டாம் என்பவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கிளினிக்குக்கு முன்பணம் கட்டியிருந்தால் அதைத் திரும்பக் கேட்டு இன்றைக்கே கடிதம் எழுதுங்கள். நான் கேட்ட கேள்விகளுக்கு அவர்கள் எழுத்தில் பதில் கொடுத்தால், கூட்டத்தில் நானே எழுந்து வாசிக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டத்து டிரெசர்,
பாடாங் செராய், கெடா.