புகார்: இம்பிளான்ட்டைச் சுற்றி வைத்த எலும்புத் தூளும் ஏழு மாத அலைச்சலும்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு, தலைமை அலுவலகம்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நான் அருப்புக்கோட்டையில் கட்டட வேலை எடுத்துச் செய்பவன். உங்கள் பல் மருத்துவமனையின் மதுரைக் கிளையில் கீழ்த்தாடை இடப்பக்கம் இம்பிளான்ட், அதாவது இல்லாத பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் முடுக்கும் ஸ்க்ரூ, வைத்துக்கொண்டேன். ஒன்பது முறை போன், மூன்று மெயில், நேரில் நாலு முறை என்று அலைந்து ஓய்ந்த பிறகு இதை எழுதுகிறேன். கோப்பு உங்களிடமே இருக்கிறது, முழுக் கதையும் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்க்ரூ வைத்தது 2023 மார்ச். ஒன்றரை வருஷத்தில் ஈறு வீங்கி, அழுத்தினால் சீழ் வந்தது. ஸ்க்ரூவைச் சுற்றி 4 மில்லிமீட்டர் எலும்பு கரைந்துவிட்டது, உங்களுடைய அந்த எலும்புத் தூளை நிரப்பி மேலே மெம்பரேன் என்கிற மெல்லிய படலம் போட்டு மூடினால் ஆறு மாதத்தில் எலும்பு கட்டிவிடும் என்றார் டாக்டர். நம்பி 38,000 ரூபாய் கட்டினேன். 2025 ஜனவரியில் வைத்தார்கள். பத்தாம் நாள் தையல் விட்டு, வாய் கொப்பளிக்கும்போது மணல் மாதிரி வெள்ளையாக விழுந்தது. அன்றைக்கே போன் செய்தேன். "கொஞ்சம் விழத்தான் செய்யும் சார், அடுத்த ரிவ்யூவுக்கு வாங்க" என்றார்கள். மெம்பரேன் வெளியே தெரிந்தால் கிருமி உள்ளே போகும் என்பது அதை விற்கிற உங்களுக்குத் தெரியாதா?

ஜூலை 10-ஆம் தேதியை மட்டும் என்னால் மறக்க முடியாது. ஆடி பிறப்பதற்குள் தளம் போட்டுவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் நெருக்கிக்கொண்டிருந்த நேரம். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் போடும் நாள். அதைத் தள்ளிவைத்துவிட்டு உங்கள் 11 மணி அப்பாயின்ட்மென்ட்டுக்கு பஸ் ஏறினேன். இரண்டு மணி வரை உட்காரவைத்து, ஸ்கேன் மெஷின் ரிப்பேர், டாக்டரும் வேறு கிளைக்குப் போய்விட்டார் என்றார்கள். காலையில் ஒரு போன் செய்து சொல்லியிருக்கக் கூடாதா? ஆறு மாதம் முடிந்துவிட்டதே, எலும்பு வந்திருக்கிறதா என்று பார்க்கத்தானே கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன். அதற்குக் கவுன்ட்டரில் இருந்த தம்பி, பத்துப் பேர் முன்னால், "எலும்பு என்ன கீரையா சார், விதைச்ச உடனே முளைக்க?" என்றார். எனக்கு 54 வயது. என்னிடம் வேலை பார்க்கும் சித்தாள்களைக்கூட நான் அப்படிப் பேசியதில்லை. அந்த வீட்டுக்காரர் இப்போது வேறு ஆளைப் பார்த்துவிட்டார். என் பிழைப்பே போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

உங்கள் டாக்டர்களைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. பொறுமையாகவே கேட்கிறேன். இங்கே ஓர் ஈறு நிபுணரிடம் காட்டினேன். ஸ்க்ரூ மேல் வைத்த பல் கேப்பை ஒட்டிய சிமென்ட் ஈறுக்கடியில் மிச்சம் இருந்திருக்கிறது, எலும்பு கரைய ஆரம்பித்ததே அதனால் இருக்கலாம் என்றார். தூள் வெறும் கட்டடத்துக்குக் கட்டும் சாரம் மாதிரிதான், அதில் ஏறி வளர வேண்டியது நம் சொந்த எலும்பு. சதை வேகமாக வளர்ந்து அந்த இடத்தைப் பிடித்துவிடாமல் தடுக்கத்தான் மெம்பரேன். ஸ்க்ரூ மேல் படிந்த கிருமியைச் சுத்தம் செய்யாமல் தூளை நிரப்பினால் நிற்காது என்றார். எனக்கு இது நன்றாகப் புரிகிறது. உப்புப் பூத்த சுவரைச் சுரண்டாமல் மேலே பூசினால் எத்தனை நாள் நிற்கும்?

எனக்குச் சுகர் உண்டு என்று முதல் நாளே படிவத்தில் எழுதிக்கொடுத்தேன். தூள் வைப்பதற்கு முன் மூன்று மாதச் சராசரி சர்க்கரை டெஸ்ட் ஏன் எடுக்கவில்லை? அந்தத் தூள் மாட்டு எலும்பிலிருந்து எடுத்ததா, செயற்கையா என்றும் யாரும் சொல்லவில்லை. நாங்கள் சைவம். பிறகு கேட்டதற்கு "இம்போர்ட்டட் ஐட்டம் சார்" என்பதுதான் பதில்.

இப்போது ஸ்க்ரூவையே கழற்ற வேண்டும், வாழ்நாள் உத்தரவாதம் ஸ்க்ரூவுக்கு மட்டும்தான், எலும்புக்கு இல்லை என்கிறீர்கள். எலும்பு இல்லாமல் ஸ்க்ரூ எதில் நிற்கும் ஐயா?

தயவுசெய்து 15 நாளுக்குள் என் எக்ஸ்ரே, ஸ்கேன், சிகிச்சைக் குறிப்புகள் எல்லாவற்றின் நகலையும், தூள், மெம்பரேன் பாக்கெட்டுகளில் இருந்த லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) ஸ்டிக்கரையும் அனுப்புங்கள். 38,000 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். உங்கள் மூத்த ஈறு நிபுணர் ஒருவர் நேரில் பார்த்து, காப்பாற்ற முடியுமா முடியாதா என்று எழுதித் தரட்டும். அந்தத் தம்பி மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது, விசாரித்துவிட்டேன். பல் மருத்துவக் கவுன்சிலுக்கும் ஒரு நகல் போகும். அந்த நிலைக்கு என்னைத் தள்ளாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மதுரைக் கிளை நோயாளி

பின்குறிப்பு: பதிலை எழுத்தில் அனுப்புங்கள். கவுன்ட்டரிலிருந்து இனி போன் வந்தால் எடுக்க மாட்டேன்.