மூலை கத்தி மாதிரி இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய பேஸ்பால் கார்டுகள், அதாவது ஆட்டக்காரர்களின் படம் அச்சடித்துப் பாக்கெட்டில் விற்ற அட்டைகள், பற்றி நீங்கள் போட்ட கட்டுரையைப் படித்தேன். ஆட்டக்காரர் மிக்கி மேண்டலின் படம் போட்டு டாப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட கார்டு 2022இல் ஒரு கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனதைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். சரி, நல்ல செய்திதான். ஆனால் அது நிலையைப் பார்த்துப் போடும் கிரேடில் பத்துக்கு 9.5 வாங்கிய கார்டு, அதே கார்டு மூலை மழுங்கி நடுவில் ஒரு மடிப்போடு இருந்திருந்தால் அந்த விலையின் கிட்டேகூடப் போயிருக்காது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம் அல்லவா? இப்போது பாருங்கள், பரணில் பழைய கார்டு வைத்திருப்பவர்கள் எல்லாம் வருஷத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

கார்டின் நிலையைப் பார்ப்பவர்கள் நான்கு விஷயங்களைப் பார்ப்பார்கள்: மூலை, ஓரம், மேற்பரப்பு, சென்டரிங். புதிதாக வருபவர்கள் மூலையோடு நின்றுவிடுகிறார்கள். சென்டரிங் என்பது படம் அட்டையின் நடுவில் அச்சாகியிருக்கிறதா என்பது. இடப்பக்க வெள்ளை ஓரம் 3 மில்லிமீட்டர், வலப்பக்கம் 2 மில்லிமீட்டர் என்றால் அது 60/40. இதற்கு வைத்திருந்தவரைக் குறை சொல்ல முடியாது, அச்சகத்தில் வெட்டும்போதே நகர்ந்ததுதான், ஆனாலும் கிரேடு குறையும். ஓரத்துக்கு 1971 டாப்ஸ் நல்ல உதாரணம். முன்பக்கத்தில் சுற்றிலும் கறுப்பு, லேசாக உரசினாலே உள்ளே இருக்கும் வெள்ளைக் காகிதம் எட்டிப் பார்க்கும், அதனால்தான் அந்த வருஷத்துக் கார்டு சுத்தமாகக் கிடைப்பது குதிரைக் கொம்பு.

மேற்பரப்புதான் ஆளை ஏமாற்றும். நேராக வைத்துப் பார்த்தால் பளிச்சென்று இருக்கும், விளக்குக்குக் கீழே சாய்த்தால் மெல்லிய கீறல், நகம் பட்ட பள்ளம், அச்சுக்கோடு எல்லாம் வரிசையாகத் தெரியும். பின்பக்கம் கண்ணுக்குத் தெரிகிற மடிப்பு முன்பக்கம் தெரியாமல் இருக்கலாம். பாக்கெட்டுக்குள் வைத்த பபிள்கம்மின் கறையும், சுற்றிய மெழுகுத்தாளின் எண்ணெய்ப் பசையும் வேறு. பிரிக்காத பாக்கெட்டில் இருந்து எடுத்தேன், அதனால் புத்தம்புதுசு என்று விற்பவர் சொல்வதில் அர்த்தமே இல்லை, பாக்கெட்டுக்குள் இருந்தபோதே அது கெட்டிருக்கலாம்.

இதெல்லாம் கண்ணில் படுகிற குறைகள், இவற்றால் பெரிய ஆபத்து இல்லை, விலையைக் குறைத்துக் கேட்டுவிட்டுப் போகலாம். இருக்க வேண்டிய குறை இல்லாமல் இருப்பதைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். சில வருஷங்களுக்கு முன் ஒருவரிடம் 1960களின் கார்டு ஒன்றை வாங்கினேன். நாலு மூலையும் கத்தி. நானும் அந்த மூலைகளையே பார்த்துப் பூரித்துப்போய்ப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தால் முகமெல்லாம் கீறல், பின்பக்கம் பழுத்த பழுப்பு, மூலை மட்டும் நேற்றுப் பிறந்தது மாதிரி. அளந்தேன், அகலத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைவு. தேய்ந்த ஓரத்தை யாரோ வெட்டி எடுத்திருக்கிறார்கள்! உடம்பு கிழமாக இருக்கும்போது மூலை மட்டும் எப்படி இளமையாக இருக்கும் என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

அளவு மட்டும் பார்த்தாலும் போதாது. டாப்ஸ் 1957இல்தான் இன்றைய இரண்டரைக்கு மூன்றரை அங்குலத்துக்கு வந்தது, 1952 கார்டு அதைவிடப் பெரியது, அச்சகத்திலேயே கொஞ்சம் கூடக் குறைய வெட்டியதும் உண்டு. ஆகவே லென்ஸ் வைத்து ஓரத்தையும் பாருங்கள். மற்ற ஓரங்கள் பழுத்திருக்க ஒன்று மட்டும் வெள்ளையாகவோ லேசாக அலையடித்தோ இருந்தால் வாங்காதீர்கள். கறுப்பு ஓரத்தில் பேனா மை தொட்டு மறைப்பதும் நடக்கிறது.

கிரேடு போட்டுப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துவிட்டால் கவலை இல்லை என்பீர்கள். பழைய ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னரின் கார்டு, டி206 என்ற வரிசையில் வந்தது, அதன் கதை தெரியுமோ? 1991இல் கார்டுகளுக்குக் கிரேடு போடும் பிஎஸ்ஏ நிறுவனம் முதன்முதலில் கிரேடு போட்டது அந்தக் கார்டுக்குத்தான், கொடுத்தது 8. 2007இல் 28 லட்சம் டாலருக்கு விலை போனது. 2013இல் ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ அதன் ஓரத்தை வெட்டியது தான்தான் என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அதற்காகக் கிரேடே வீண் என்று சொல்ல மாட்டேன். மனிதக் கண் பார்த்துச் சொல்கிற கருத்து அது, 9க்கும் 10க்கும் நடுவில் இருப்பது சில சமயம் வெறும் ஒரு புள்ளி, அதே கார்டை மறுபடி அனுப்பினால் வேறு எண் வந்தவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது விலைக்குப் பக்கத்தில் கிரேடையும் போடுங்கள், அது போதும். அப்புறம், அந்த வெட்டுப்பட்ட கார்டை நான் தூக்கிப் போடவில்லை. அதே வருஷத்தில் வந்த, யாரும் சீந்தாத ஓர் ஆட்டக்காரரின் கார்டை மலிவாக வாங்கி அதன் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அந்த வருஷத்துக் கார்டு எது வந்தாலும் இந்த இரண்டின் மேலும் வைத்துப் பார்த்த பிறகுதான் பர்ஸைத் திறக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கார்டு சேகரிப்பாளர்