கடைசிச் சுற்றுக்குப் பின் சரியான பதிலே இல்லை

ஐயா,

என் மகன் சென்னையில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் ஐந்து சுற்று நேர்முகத் தேர்வு முடித்தான். கடைசிச் சுற்றுக்கு நேரில் வரச் சொன்னார்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் போனான். "ரொம்ப நல்லா பண்ணீங்க, ரெண்டு நாள்ல சொல்றோம்" என்று கைகுலுக்கி அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்து வந்தது இரண்டு வரி மின்னஞ்சல். பதில் அனுப்ப முடியாத முகவரியிலிருந்து. மறுபடி விண்ணப்பிக்க ஓராண்டு பொறுக்க வேண்டுமாம். அல்வா ஊர்க்காரனுக்கே அல்வா!

அதற்குள் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. "ஏல, மெட்ராஸ் வேலை என்னல ஆச்சு?" என்று கேட்காத ஆளில்லை.

ஒருவரைத்தான் எடுக்க முடியும், புரிகிறது. ஆனால் இறுதிவரை வந்தவனும் முதல் வடிகட்டலிலேயே கழிந்தவனும் ஒன்றா? யு.பி.எஸ்.சி.கூட, நேர்முகத் தேர்வு வரை வந்து தேர்வாகாதவர்களின் மதிப்பெண், கல்வித் தகுதி விவரங்களை அவர்கள் சம்மதத்தோடு மற்ற நிறுவனங்கள் பார்க்கத் தருகிறது. அரசுத் தேர்வென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுவாவது போடலாம். தனியாரிடம் அதுவும் இல்லை.

எங்கே சறுக்கினான் என்று ஐந்து நிமிடம் போனில் சொல்லலாம். அடுத்த காலியிடத்துக்கு முதல் சுற்றிலிருந்து தொடங்க வைக்காமல் நேரே கூப்பிடலாம். அதுவும் முடியாதென்றால் கடைசிச் சுற்றையும் வீடியோ காலிலேயே முடித்துவிடுங்கள். டிக்கெட் காசாவது மிஞ்சும்.

- ஒரு தந்தை,
பாளையங்கோட்டை.