வேகம் 300 என்கிறார்கள், வீட்டில் 94 தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

"உங்கள் பிராட்பேண்ட் வேகம் 100-லிருந்து 300 எம்பிபிஎஸ் ஆக உயர்த்தப்பட்டுள்ளது" என்று குறுஞ்செய்தி வருகிறது. அடுத்த மாதமே பில் கூடிவிடுகிறது. வேகத்தை அளந்து பார்த்தால் 93, 94-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. கஸ்டமர் கேரில் கேட்டால், "எங்கள் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது, உங்கள் வைஃபையைப் பாருங்கள்" என்று பதில். ஆனால் அந்த 94 என்ற எண்ணே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும்.

நெரிசலால் வேகம் குறைந்தால் எண் ஓரிடத்தில் நிற்காது. விடியற்காலையில் 280, இரவு ஒன்பது மணிக்கு 60 என்று ஆடும். எந்த நேரம் அளந்தாலும் 94 என்றால், வழியில் எங்கோ 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகாத போர்ட் (கேபிள் செருகும் துளை) அல்லது கேபிள் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதில் ஐந்தாறு, தகவலோடு சேர்ந்து செல்லும் முகவரி போன்ற விவரங்களுக்கே போய்விடும். மிச்சம்தான் நம் கைக்கு வருகிறது.

முதலில் ஃபைபர் வந்து சேரும் பெட்டியைப் பாருங்கள். அதை ஓஎன்டி என்பார்கள், ஓஎன்யூ என்றும் சொல்வார்கள். கணினி அல்லது ரூட்டரின் கேபிளைச் செருகும் லேன் (LAN) போர்ட்டுக்கு மேல் ஜிஇ (GE) என்று எழுதியிருந்தால் அது 1000 எம்பிபிஎஸ். எஃப்இ (FE) என்றால் 100 தான். சில பெட்டிகளில் ஒரு போர்ட் மட்டும் ஜிஇ, மற்றவை எஃப்இ. கேபிளை இடம் மாற்றிச் செருகினாலே தீர்ந்துவிடும். தனி ரூட்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அட்டைப்பெட்டியில் 300 எம்பிபிஎஸ் என்று பெரிதாக அச்சிட்ட மலிவு ரூட்டர்களில் அந்த 300 காகிதத்தில் உள்ள வைஃபை கணக்கு. பின்னால் உள்ள, இணைய கேபிள் வந்து சேரும் வான் (WAN) போர்ட் பெரும்பாலும் 100 தான்.

இரண்டும் சரியாக இருந்தால் கேபிளின் முனையைப் பாருங்கள். கண்ணாடி போன்ற ஆர்ஜே 45 பிளக்குக்குள் எட்டுக் கம்பிகள் தெரிய வேண்டும். ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் மட்டும் 1, 2, 3, 6 ஆகிய இடங்களில் இருந்து, நீலமும் பழுப்பும் வெட்டி விடப்பட்டிருந்தால் அந்தக் கேபிளில் 100-க்கு மேல் போகாது. அவசரத்தில் கிரிம்ப் செய்யும்போது (கேபிள் முனையில் பிளக்கைப் பொருத்தும்போது) நடக்கிற வேலை இது. எட்டும் இருந்து, நீலம், பழுப்பு ஜோடிகளில் ஒரு கம்பி சரியாகத் தொடாவிட்டாலும் இதே கதிதான். கணினியின் நெட்வொர்க் விவரத்தில் லிங்க் ஸ்பீடு 100/100 என்று இருக்கிறதா, 1000/1000 என்று இருக்கிறதா பாருங்கள். ஒரு நிமிட வேலை.

வைஃபையில் மட்டும் குறைகிறது என்றால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறி, பெட்டி இருக்கும் அறையிலேயே அளந்து பாருங்கள். 2.4-ல் 300 கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. டவுன்லோடு செய்யும்போது திரையில் வரும் எண் பெரும்பாலும் எம்பி (மெகாபைட்) கணக்கு. எட்டால் பெருக்கினால்தான் எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட்).

இதில் என் ஆதங்கம் நிறுவனங்கள் மேல்தான். எந்த வீட்டில் எந்த மாடல் பெட்டி இருக்கிறது, அதன் லேன் போர்ட் 100-ல் இணைந்திருக்கிறதா 1000-லா என்பதை வீடுகளின் ஃபைபர்கள் போய்ச் சேரும் அவர்களுடைய ஓஎல்டி கருவி மூலம் அலுவலகத்தில் இருந்தபடியே பார்க்க முடியும். ஆள் அனுப்ப வேண்டியதில்லை. அப்படியிருக்க, எஃப்இ பெட்டி உள்ள வீட்டுக்கு 300 திட்டத்தை விற்று, மாதாமாதம் அதற்குப் பணம் வாங்குவது நியாயமே இல்லை.

இரவில் மட்டும் வேகம் விழுந்தால் அது வேறு வகை. வீட்டு ஃபைபர் இணைப்புகளில் பரவலாக உள்ள ஜிபான் (GPON) முறையில் ஒரு ஃபைபரில் வரும் 2.5 ஜிபிபிஎஸ் அளவை 32 அல்லது 64 வீடுகள் பகிர்கின்றன. பகிர்வது தவறில்லை. ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போய், அங்கிருந்து இணையத்துக்குப் போகும் மேல் இணைப்பைப் பெருக்காமல் விடுவதுதான் தவறு. இதை அளக்கும்போது நிறுவனத்தின் சொந்த சர்வரை விட்டு வேறொரு சர்வரைத் தேர்ந்தெடுங்கள். சொந்த சர்வரில் எண் எப்போதும் அழகாகவே வரும்.

புகார் கொடுக்கும் முன் பெட்டியை ஐந்து நிமிடம் அணைத்துப் போடுங்கள். பழைய வேகத்திலேயே இணைப்பு தொங்கிக்கொண்டிருக்கலாம். பிறகு லேன் கேபிளில், மற்ற சாதனங்களை அணைத்துவிட்டு, காலை, மதியம், இரவு என மூன்று நாள் அளந்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். "நெட் ஸ்லோ" என்று சொல்லாதீர்கள். "300 திட்டம், கேபிளில் 94, போர்ட் எஃப்இ, பெட்டியை மாற்றுங்கள்" என்று சொல்லி டாக்கெட் எண்ணை (புகார்ப் பதிவு எண்ணை) கேட்டு வாங்குங்கள். அந்த எண் இல்லாத புகார் புகாரே அல்ல. தீர்வு திருப்தியில்லை என்றால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிமுறைகளின்படி நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் முறையிடலாம். கட்டணம் கிடையாது, 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை. ஆனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே தெளிவாக்கிவிட்டது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கும் மனுக்கட்டணம் இல்லை.

வேகத்தை உயர்த்தும் முன், வீட்டில் உள்ள பெட்டி அதைத் தாங்குமா என்று குறுஞ்செய்தியிலேயே தெரிவிப்பதையும், தாங்காவிட்டால் பெட்டியை மாற்றித் தரும் நாள் வரை பழைய கட்டணமே வாங்குவதையும் டிராய் கட்டாயமாக்க வேண்டும்.

வாசகர், ஈரோடு