மெய்யெண் மட்டும் போதாதா? தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

ஏசி மின்சுற்றுக் கணக்கில் கலப்பெண் (மெய்ப்பகுதியோடு, −1இன் வர்க்கமூலத்தால் பெருக்கிய கற்பனைப்பகுதியும் சேர்ந்த எண்) வெறும் வசதிக்குத்தான், கடைசியில் மெய்ப்பகுதியை எடுத்துக்கொண்டால் போதும். குவாண்டத்திலும் அப்படித்தானே என்று கேட்டிருந்தாய். குவாண்டத்தின் அலைச்சமன்பாட்டை எழுதிய ஷ்ரோடிங்கருக்கே இந்த உறுத்தல் இருந்தது. 1926 ஜூனில் இயற்பியலாளர் லோரன்ட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், துகளின் நிலையைச் சொல்லும் அலைச்சார்பு அடிப்படையில் மெய்ச்சார்பாகத்தான் இருக்க வேண்டும் என்றார்.

ஒரே ஒரு துகள் என்றால் நீ சொல்வது சரி. மெய்ப்பகுதி அ, கற்பனைப்பகுதி ஆ உள்ள கலப்பெண்ணுக்குப் பதில் ஓர் அணியை வை: மேல்வரிசை அ, −ஆ, கீழ்வரிசை ஆ, அ. பரிமாணம் இரட்டிக்கும், விடை மாறாது.

துகள்களைச் சேர்க்கும்போதுதான் சிக்கல். ஒரு க்யூபிட்டின் (இருநிலைக் குவாண்ட அமைப்பின்) அடர்த்தி அணியை, அதாவது அதன் நிலையைச் சொல்லும் அணியை, எழுத 4 மெய்யெண்கள், இரண்டுக்கு 16. நாலு நாலு பதினாறு. அதனால் தனித்தனியே அளந்து முடிவுகளை ஒப்பிட்டாலே முழு நிலையும் தெரிந்துவிடும். மெய்யுறுப்பு அணிகள் மட்டும் என்றால் ஒன்றுக்கு 3, இரண்டுக்கு 10. மும்மூன்று ஒன்பதுதானே? மிச்சம் ஒன்று எங்கிருந்து வந்தது?

க்யூபிட்டை ஒய் திசையில் அளப்பதைக் குறிக்கும் பௌலியின் ஒய் அணி கற்பனை உறுப்புகளால் ஆனது, அதனால் தள்ளுபடி. ஆனால் இரண்டு ஒய்களின் டென்சர் பெருக்கலை (ஓர் அணியின் ஒவ்வொரு உறுப்பாலும் மற்ற அணி முழுவதையும் பெருக்கி அடுக்குவதை; இரண்டு துகள்களைச் சேர்த்து எழுதும் முறை இது) எழுதிப் பார்: எதிர்மூலைவிட்டத்தில் −1, 1, 1, −1. எல்லாமே மெய்! அதை அலகு அணியோடு கூட்டி 4ஆல் வகுத்தால் ஒரு நிலை, அலகு அணியிலிருந்து கழித்து வகுத்தால் இன்னொன்று. ஒன்றுக்கொன்று முற்றிலும் செங்குத்தான நிலைகள். ஆளுக்கொரு துகளை ஒய் திசையில் அளந்தால் முதலாவதில் விடைகள் எப்போதும் ஒத்துப்போகும், மற்றதில் எப்போதும் எதிராக வரும். மெய்யெண் அளவீடுகளை மட்டும் தனித்தனியே செய்கிறவர்களுக்கோ இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

2021இல் இயற்பியலாளர் ரெனூவும் சகாக்களும் இதைச் சோதிக்க வழி சொன்னார்கள். தொடர்பில்லாத இரண்டு மூலங்கள், அளப்பவர் மூவர். நடுவில் இருப்பவர் இரண்டு மூலங்களிலிருந்தும் ஒவ்வொரு துகளை வாங்கி பெல் அளவீடு, அதாவது இரண்டையும் சேர்த்தே அளக்கும் அளவீடு, செய்வார். அவர்கள் வகுத்த அளவுகோலில் கலப்பெண் கோட்பாடு 6√2, அதாவது சுமார் 8.49 வரை தரும். மெய்யெண் கோட்பாடு 7.67ஐ எட்டாது. முன்பு சொன்ன பரிமாணத்தை இரட்டிக்கும் உத்தி துகள்களுக்கெல்லாம் பொதுவான ஒரு கூடுதல் அமைப்பைக் கேட்கிறது. தனித்தனி மூலங்களுக்கு அதைப் பகிர வழியில்லை. 2022இல் மீக்கடத்தி (மின்தடையே இல்லாத பொருள்) க்யூபிட்களில் 8.09 கிடைத்தது. ஆனால் க்யூபிட்களுக்குள் வேண்டாத பிணைப்பு இருந்தால், மூலங்கள் தனித்தனி என்ற எடுகோளே அடிபடும். இத்தகைய சோதனையில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இதை வைத்து, மெய்யெண்ணில் குவாண்டத்தை எழுதவே முடியாது என்று முடிவுகட்டிவிடாதே. தனி அமைப்புகளை டென்சர் பெருக்கலால் சேர்க்கும் விதியைத் தளர்த்தினால் எழுதலாம். அப்போது சோதனை அந்த எழுத்துமுறையைத் தொடாது. வழக்கமான விதியோடு வரும் மெய்யெண் கோட்பாடு மட்டுமே விழுகிறது.

அன்புடன்,
அண்ணன்