அச்சமும் நம் கலைதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த அச்சமூட்டும் ஓவியங்கள் பற்றிய கட்டுரையில், ‘நம் முன்னோர் அழகை மட்டுமே வடித்தனர், கோரத்தைக் கலையாக்கியது ஐரோப்பாவே’ என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

காரைக்கால் அம்மையாரைத் தாங்கள் அறியாதவரல்லர். பேயுருவை வேண்டிப் பெற்ற அவர், வற்றிய மார்பும் குழிந்த வயிறும் புடைத்த நரம்புமாகத் திரியும் சுடுகாட்டுப் பெண்பேயைத் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே பாடினார். அவருடைய அந்த மெலிந்த உருவைத்தான் சோழர் காலச் சிற்பிகள், கையில் தாளத்தோடு, வெண்கலத்தில் வார்த்தார்கள். அத்தகைய திருமேனி ஒன்று இன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஸ்பானிய ஓவியர் கோயாவின், பெற்ற மகனையே தின்னும் சனி ஓவியத்துக்கு முழுப் பக்கம் தந்த தாங்கள், அம்மையாருக்கு ஒரு வரியும் தரவில்லை.

கோயாவை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1820-களின் தொடக்கத்தில், எவரும் கேட்காமல், தன் வீட்டுச் சுவர்களிலேயே அவர் தீட்டிய 14 ஓவியங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எங்கள் பக்கத்து அய்யனார் கோயில் காடுகளே எனக்கு நினைவுக்கு வருகின்றன. குயவர்களான வேளார் சுட்டுத் தரும் மண்குதிரைகளை, புரவியெடுப்புத் திருவிழாவன்று கொண்டுபோய் நிறுத்துகிறோம். பின்னர் அவை வெயிலிலும் மழையிலும் தலை உடைந்து, கால் முறிந்து, வரிசை கலையாமல் சிதைகின்றன. அந்தி வேளையில் அவற்றினூடே நடக்கும்போது எழும் அச்சமே ஊருக்குக் காவல் என்று எங்கள் அப்பத்தா நம்பினார், நானும் நம்புகிறேன். அவற்றைத் தாங்கள் முன்னொரு இதழில் ‘மண்பொம்மைகள்’ என்று அச்சிட்டபோது மறுத்து எழுதிய என் கடிதம் வெளியாகவே இல்லை.

இறந்தவரை அமர்த்திப் படமெடுக்கும் வழக்கத்தையும் கட்டுரை இங்கிலாந்தோடு முடித்துவிட்டது. எங்கள் வீட்டு வளவில், உயிர் பிரிந்த கொள்ளுப்பாட்டனாரை மாலையணிவித்து நாற்காலியில் சாய்த்து எடுத்த படம் நெடுங்காலம் தொங்கியது. பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று பங்காளிகள் அதைக் கழற்றி, தேக்குச் சட்டத்தைப் பழம்பொருள் கடைக்கு விற்று, படத்தைக் குப்பையில் போட்டார்கள். அருகிலுள்ள கோயிலொன்றில் நரகக் காட்சிகள் தீட்டியிருந்த சுவரில், திருப்பணி என்ற பெயரால் எனாமல் பூசியபோதும் இதே காரணம்தான் சொல்லப்பட்டது. தங்கள் இதழில் இத்தகைய வரிகள் அச்சேறினால், அழிப்பவர்களுக்கு அதுவே சான்றாகிவிடுகிறது என்பதை மிகுந்த வருத்தத்தோடு சொல்கிறேன்.

அடுத்த இணைப்பில் அம்மையாரின் வெண்கலத் திருமேனிப் படத்தை, உரிய விளக்கத்தோடு, கால் பக்க அளவிலாவது வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
காரைக்குடி.